வெளிப்பூச்சும் சேசிஸ் எண்ணும்

நாமக்கல் பக்கம் சென்றவர்கள் சாலையோரத்துப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாக வந்து நிற்கும் லாரிக்கு அங்கே ‘பாடி’ கட்டுகிறார்கள். மர வேலையும் இரும்பு வேலையும் முடிந்தபின் வண்டி பெயிண்டரின் கைக்குப் போகிறது. முகப்பில் குலதெய்வத்தின் பெயர், பக்கத்தில் பிள்ளைகளின் பெயர், பின்புறம் இரண்டு தாமரைப்பூ. நேற்றுவரை எலும்புக்கூடாக நின்ற வண்டி இன்று மணப்பெண் போல் வெளியே வருகிறது.

ஆனால், பழைய லாரியை விலை பேச வரும் அனுபவசாலி இந்த அலங்காரத்தைக் கண்டு மயங்குவதில்லை. அவர் குனிந்து, சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். தாளில் படிந்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு பேச்சு. பூச்சு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வண்டி யாருடையது என்பதை அடியில் இருக்கும் எண்தான் சொல்லும்.

மின்னஞ்சல் கடிதத்தில் நீல நிறத்தில் கோடிட்டுக் காட்டப்படும் இணைப்பும் இத்தகைய இரட்டைப் பொருளே. கண்ணுக்குத் தெரிவது ஒரு சொல். விரல் பட்டதும் கணிப்பொறி செல்லுமிடம் அந்தச் சொல்லின் அடியில் மறைந்துள்ள வேறொரு முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்தச் சிறிய சுதந்திரத்தைத் திருடர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவர்களைப் பிடிக்கக் கணிப்பொறியாளர்கள் எத்தகைய சல்லடைகளைக் கட்டினார்கள் என்பதே நாம் காணப்போகும் வரலாறு.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை என்று எண்ணிவிடாதீர்கள். சங்ககிரியில் நான்கு லாரி வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய வண்டிகள் ஐந்தாறு மாநிலங்களில் ஓடுகின்றன. எந்த ஊரில் எந்த விளக்கைத் தாண்டியதற்கு எவ்வளவு அபராதம் என்று அவருக்கே நினைவிருக்காது. ஒருநாள் காலை அவருடைய கைபேசிக்கு, “தங்கள் வாகனத்தின்மேல் அபராதம் நிலுவையில் உள்ளது, இன்றே செலுத்துக” என்று ஒரு செய்தி வருகிறது. வண்டி எண் சரியாக இருக்கிறது. கீழே ஓர் இணைப்பு. இத்தகைய போலி அபராத அறிவிப்புகள் 2024ஆம் ஆண்டில் இந்தியாவின் பல மாநிலங்களில் பரவின. லாரித் தொழிலே வாழ்க்கையாக இருக்கும் சேலம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் இதைப் பெறுகிறவர் நம்பிவிடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

முதல் குப்பை

கணிப்பொறிக் கடிதங்களில் குப்பை சேரத் தொடங்கிய நாளைத் துல்லியமாகச் சொல்லமுடியும். 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கேரி தூர்க், தங்கள் புதிய கணிப்பொறிகளைக் காட்சிக்கு வைக்கும் கூட்டத்துக்கு அழைப்பு விடுக்க விரும்பினார். இன்றைய இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட் வலையில் இருந்தவர்களின் முகவரிகள் அப்போது அச்சிட்ட ஏடாகவே கிடைத்தன. அதிலிருந்து அமெரிக்க மேற்குக் கரையைச் சேர்ந்த ஏறத்தாழ 400 முகவரிகளைப் பொறுக்கித் தட்டச்சு செய்து, ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினார்கள். முகவரிக்கென ஒதுக்கிய இடம் போதாமல், மிஞ்சிய முகவரிகள் கடிதத்துக்குள்ளேயே வழிந்து நின்றனவாம்! ஆராய்ச்சிக்காக ஏற்பட்ட வலையில் விளம்பரமா என்று கண்டனம் எழுந்தது. சில கணிப்பொறிகள் விற்கவும் செய்தன.

மின்னஞ்சலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் விதிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் வகுத்து வெளியிட்டார். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் உலகம் அது. ஆகவே ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அஞ்சலட்டையில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா? அதே நிலைமைதான். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15 அன்று திறந்துவிடப்பட்டபோது, இந்த ஓட்டையும் சேர்ந்தே வந்தது.

அதற்குள் கடிதத்தின் உருவமும் மாறத் தொடங்கியிருந்தது. படமும் பிற மொழி எழுத்துகளும் கடிதத்தில் செல்ல 1992இல் நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவர் வழிசெய்தனர். சில ஆண்டுகளில் இணையப் பக்கங்களைப் போலவே வண்ணமும் இணைப்பும் கொண்ட கடிதங்கள் வழக்கத்துக்கு வந்தன. கடிதத்துக்குப் பூச்சு வேறு, அடிச்சட்டம் வேறு என்ற நிலை பிறந்தது அப்போதுதான். வெறும் எழுத்தாக இருந்த காலத்தில் முகவரியை மறைக்க இடமே கிடையாது.

சொல்லை அரித்த சல்லடைகள்

சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அந்தப் பாலைச் சல்லடையில் விட்டுத் திப்பியைப் பிரிப்பார்கள். பிறகு குருணையை அளவுவாரியாகச் சலிக்கும் சல்லடை வேறு. ஒரே சல்லடையால் எல்லாம் நடப்பதில்லை. மின்னஞ்சல் சல்லடைகளும் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தன.

முதலில் வந்தவை அவரவர் தம் கையால் எழுதிக்கொண்ட விதிகள். ஸ்டீஃபன் வான் டென் பெர்க் என்பவர் 1990இல் எழுதிய ‘புரோக்மெயில்’ என்ற நிரல் இதற்குப் பெயர்பெற்றது. “பொருள் வரியில் ‘இலவசம்’ என்று இருந்தால் குப்பையில் போடு” என்பது போன்ற விதிகளை வரிசையாக எழுதிவைக்கலாம். வரும் கடிதம் ஒவ்வொன்றும் இந்த விதிகளைத் தாண்டியே பெட்டிக்குள் விழும்.

திருடன் என்ன செய்தான்? ‘இலவசம்’ என்பதை ‘இ-ல-வ-ச-ம்’ என்று எழுதினான். அதற்கொரு விதி எழுதினால் இடையில் புள்ளி வைத்தான். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக நல்ல சொற்களைத் தூவினான். கண்ணுக்குத் தெரியாது, சல்லடைக்குத் தெரியும். இந்த ஓட்டப்பந்தயத்தில் விதி எழுதுகிறவர் எப்போதும் ஓரடி பின்னால்தான் இருப்பார்.

இங்கேதான் கணிதம் கைகொடுத்தது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் நிகழ்தகவைப் பற்றி எழுதிவைத்த கட்டுரை, அவர் இறந்தபின் 1763இல் அச்சேறியது. அதைக் குப்பை அஞ்சலுக்குப் பயன்படுத்தலாம் என்று மெஹ்ரான் சஹாமியும் அவருடைய கூட்டாளிகளும் 1998இல் காட்டினர். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை ஒன்று அதை எங்கும் பரப்பியது. கணக்கு எளிது, நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

உங்களிடம் 100 குப்பைக் கடிதங்களும் 100 நல்ல கடிதங்களும் இருப்பதாகக் கொள்வோம். ‘உடனடியாக’ என்ற சொல் குப்பையில் 60 கடிதங்களிலும், நல்லவற்றில் 5 கடிதங்களிலும் வருகிறது. ஆக, அச்சொல்லைத் தாங்கிய 65 கடிதங்களில் 60 குப்பை. நூற்றுக்கு 92. ‘பரிசு’ என்ற சொல் குப்பையில் 40இலும் நல்லவற்றில் 2இலும் வருகிறது என்க. இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால்? குப்பையின் பக்கம் 0.60 × 0.40 = 0.24. நல்லவற்றின் பக்கம் 0.05 × 0.02 = 0.001. இரண்டையும் கூட்டினால் 0.241, அதில் குப்பையின் பங்கு 0.24. அதாவது நூற்றுக்கு 99.6. இரு சொற்களும் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்ற அனுமானம் இதில் உள்ளது. அது முழு உண்மையன்று. ஆயினும் வேலை நடக்கிறது.

இந்தச் சல்லடையின் சிறப்பு, மனிதன் சொல்லித் தராததையும் அது தானே கற்றுக்கொள்வது. எழுத்துக்குப் பளிச்சென்ற சிவப்பு நிறம் கொடுக்கும் குறியீடு குப்பைக்கு மிக நல்ல அடையாளம் என்று கிரஹாமின் சல்லடை தானாகவே கண்டுபிடித்தது. இன்னொன்றும் அவர் வற்புறுத்தினார்: சல்லடை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கவேண்டும். நாமக்கல் முட்டை வியாபாரியைப் பாருங்கள். விலை நாளுக்கு நாள் மாறும் தொழில் அது. ‘உடனடியாக’ என்ற சொல் அவருடைய நேர்மையான கடிதங்களிலேயே தினமும் வரும். ஊருக்கெல்லாம் பொதுவான சல்லடை அவருடைய பெரிய கொள்முதல் ஆணையைக் குப்பையில் தள்ளிவிட்டால், அந்த நட்டத்தை யார் ஈடுசெய்வது? பத்துக் குப்பை உள்ளே வந்துவிட்டால் எரிச்சல்தான். ஒரு நல்ல கடிதம் வெளியே போய்விட்டால் பிழைப்பே போய்விடும். சல்லடை கட்டுகிறவரின் தலைவலி முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

வங்கியின் சொற்களையே திருடியபோது

பேய்ஸ் சல்லடை வெற்றி முழக்கம் செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் வேறொரு வகைத் திருடன் பெருகினான். அவன் ‘பரிசு’ என்றோ ‘இலவசம்’ என்றோ எழுதவில்லை. வங்கி அனுப்பும் கடிதத்தை அப்படியே எடுத்து, அதன் சின்னம், நடை, கையொப்பம் எதையும் மாற்றாமல், ஓர் இணைப்பின் அடியிலிருந்த முகவரியை மட்டும் மாற்றினான். எல்லாச் சொல்லும் நல்ல சொல், வங்கியின் சொல். சொல்லை அரிக்கும் சல்லடைக்கு இங்கே வேலை ஏது? தூண்டில் போடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்து மாற்றி ‘ஃபிஷிங்’ என்று இதற்குப் பெயரிட்டார்கள். 1996 அளவிலேயே அப்பெயர் வழக்கில் இருந்தது.

இதன் விளைவு என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்த்துவந்த ஒருவருக்கு 2007இல் தம் வங்கியிடமிருந்து வந்ததுபோல் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் விவரங்களைக் கொடுத்தார். கணக்கிலிருந்து லட்சக்கணக்கான ரூபாய் மறைந்தது. தவறு வாடிக்கையாளருடையது என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வழக்குகளை விசாரிக்கும் தமிழ்நாட்டு அதிகாரி, 2010 ஏப்ரலில் வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு போதாது என்று கூறி, 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்குமாறு உத்தரவிட்டார். ஒரு கடிதத்தில் ஒரே ஓர் இணைப்பு!

ஆகவே சல்லடை குனிந்து சேசிஸ் எண்ணைப் படிக்கவேண்டிய காலம் வந்தது. படிப்பது அவ்வளவு சுலபமில்லை. திருடர்கள் எண்ணையும் மறைத்தார்கள். அவர்களுடைய உத்திகள் சிலவற்றைப் பார்ப்போம். (அச்சு வசதிக்காக முகவரிகளைத் தமிழிலேயே, கற்பனையாகத் தருகிறேன்.)

‘நம்வங்கி.இந்தியா.பரிசுமழை.காம்’ என்ற முகவரி யாருடையது? அவசரமாகப் படிக்கிறவர் ‘நம்வங்கி’ என்பார். தவறு. இணைய முகவரியின் உரிமையை வலக்கோடியிலிருந்து படிக்கவேண்டும். நம் அஞ்சல் முகவரியும் அப்படித்தானே? ‘திருச்சி சாலை, நாமக்கல்’ என்று எழுதியிருந்தால் வீடு திருச்சியிலா இருக்கிறது? மேற்கண்ட முகவரி ‘பரிசுமழை.காம்’ என்பவனுடைய வீடு. ‘நம்வங்கி’ என்பது அவன் தன் தெருவுக்கு வைத்துக்கொண்ட பெயர்.

அடுத்தது ‘அட்’ எனப்படும் சுழித்த குறி. இணையப் பக்கத்தின் முகவரியில் இக்குறிக்கு முன்னால் வருவது பயனாளியின் பெயராகக் கொள்ளப்படும். செல்லுமிடம் குறிக்குப் பின்னால் வருவதுதான். எனவே குறிக்கு முன்னால் வங்கியின் முழு முகவரியையும் எழுதிவிட்டுப் பின்னால் தன்னுடையதை எழுதினான் திருடன். இது அளவு மீறிப் போகவே, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2004 பிப்ரவரியில் தன் உலாவியிலிருந்து இவ்வசதியையே நீக்கிவிட்டது.

மூன்றாவது மாணவர்களுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் பின்னால் நான்கு பகுதி கொண்ட எண் ஒன்று உண்டு. எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிய 192.0.2.1 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இதன் ஒவ்வொரு பகுதியும் 256ஐ அடியாகக் கொண்ட இலக்கம். முதல் பகுதியை 256இன் மும்மடிப் பெருக்கத்தால் பெருக்குங்கள்: 192 × 16777216 = 3221225472. இரண்டாம் பகுதி சுழி. மூன்றாவது 2 × 256 = 512. கடைசியில் 1. மொத்தம் 3221225985. இந்தப் பத்திலக்க எண்ணை நேராகக் கொடுத்தாலும் உலாவி அதே இடத்துக்குப் போய்ச் சேரும். ‘192.0.2.1’ என்று தேடும் விதி இதைக் கோட்டைவிடும்.

இதனால் சல்லடை கட்டுகிறவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். முதலில் கழுவு, பிறகு அரி. எண்ணாக எழுதியதை எண்ணாகவும், குறியீடாக ஒளித்த எழுத்தை எழுத்தாகவும் மாற்றி, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தபின்தான் விதிகளை ஓட்டவேண்டும். கழுவியபின் கிடைக்கும் தளப்பெயரைத் திருட்டுத் தளங்களின் பட்டியலோடு ஒப்பிடும் பொதுச் சேவை ‘சர்பிள்’ என்ற பெயரில் 2004இல் தொடங்கியது. அதற்கு முந்தைய பட்டியல்கள் கடிதம் எந்தக் கணிப்பொறியிலிருந்து வந்தது என்று பார்த்தன; இது கடிதத்துக்குள் இருக்கும் இணைப்பு எங்கே போகிறது என்று பார்த்தது. என் கருத்தில் சல்லடைகளின் வரலாற்றில் பேய்ஸ் கணக்குக்கு இணையான திருப்பம் இதுவே. அனுப்பும் கணிப்பொறியைத் திருடன் நாளைக்கு நூறு முறை மாற்றலாம். ஆனால் பணம் வந்து விழவேண்டிய கடையின் முகவரியைக் கடிதத்தில் சொல்லாமல் அவனால் வியாபாரம் செய்யமுடியாது.

சரி, தெரியும் முகவரியும் அடியிலுள்ள முகவரியும் வேறாக இருந்தால் உடனே குப்பை என்று சொல்லிவிடலாமே? அதுதான் முடியாது. நேர்மையான நிறுவனங்களும், எத்தனை பேர் இணைப்பைத் தொட்டார்கள் என்று கணக்கெடுக்க, இடைத்தரகரின் முகவரி வழியாகத் தம் வாசகர்களைத் திருப்பி விடுகின்றன. அங்கேயும் பூச்சு வேறு, எண் வேறு! எனவே ஒரே விதியைக் கொண்டு தீர்ப்பளிக்காமல் மதிப்பெண் போடும் முறை வந்தது. ஜஸ்டின் மேசன் 2001இல் வெளியிட்ட ‘ஸ்பாம்அசாசின்’ என்ற நிரல் இதற்குச் சிறந்த உதாரணம். ஒவ்வொரு விதிக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் 5ஐத் தொட்டால் குப்பை என்பது அதன் இயல்பான எல்லை. இணைப்பு பொருந்தாமைக்கு 1 அல்லது 2, பத்திலக்க எண்ணாக எழுதிய முகவரிக்கு 2, பட்டியலில் உள்ள தளத்துக்கு 3 என்று நாமே நம் விதிகளைச் சேர்த்து எடை போடலாம்.

அனுப்புநரைச் சோதிக்கும் கையொப்ப முறைகளும் பின்னர் வந்தன. அவை நல்லவையே. ஆனால், கையொப்பம் சரி என்றால் கடிதம் அந்தத் தளத்துக்காரனுடையது என்று மட்டுமே பொருள். பரிசுமழைக்காரன் தன் தளத்தின் பெயரில் முறையாகக் கையொப்பமிட்டு அனுப்பினால் அதுவும் தேறிவிடும்.

கௌரியும் கெளரியும்

2002 பிப்ரவரியில் எவ்கெனி கேப்ரிலோவிச், அலெக்ஸ் கான்ட்மாக்கர் என்ற இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு வேடிக்கையை வெளியிட்டனர். ரஷ்ய எழுத்துகளில் சில ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும். அவற்றைக் கலந்து ‘மைக்ரோசாப்ட்’ என்று கண்ணுக்குத் தெரியும் ஒரு தளப்பெயரை அவர்கள் பதிவே செய்துவிட்டார்கள். 2017 ஏப்ரலில் ஷூடாங் ஜெங் என்பவர் முழுவதும் சிரிலிக் எழுத்துகளால் ஆன ஒரு பெயரே ‘ஆப்பிள்’ போலத் தோன்றும்படி செய்து காட்டியபின், உலாவிகள் தம் விதிகளை மேலும் இறுக்கின. இங்கே பூச்சும் எண்ணும் வேறு வேறு அல்ல. எண்ணே வேடமிட்டிருக்கிறது.

நமக்கு என்ன என்கிறீர்களா? 2010, 2011ஆம் ஆண்டுகளில் ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் ஈறுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. தமிழிலேயே தளப்பெயர் வைக்கலாம். அப்படியானால் தமிழ் எழுத்தும் வேடமிடலாம்.

இந்தப் பகுதியின் தலைப்பை இன்னொரு முறை பாருங்கள். முதல் பெயரில் இருப்பது ‘கௌ’ என்ற ஓரெழுத்து. இரண்டாவதில் இருப்பது ‘கெ’, அதையடுத்து ‘ள’. அச்சில் வித்தியாசம் தெரிகிறதா? தட்டச்சு செய்கிறவர்களில் பலர் இன்றும் இரண்டாவதைத்தான் அடிக்கிறார்கள், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல். கணிப்பொறிக்கு இவை முற்றிலும் வேறான குறியீட்டுத் தொடர்கள். ‘கௌரி’ என்று தேடும் சல்லடை விதியில் ‘கெளரி’ அகப்படாது. ‘ஔவை’, ‘ஒளவை’ கதையும் அதுவே. பழைய தமிழ் எண்களைச் சேர்த்துக்கொண்டால் கூத்து இன்னும் பெருகும். ஒன்றைக் குறிக்கும் ௧ ‘க’வைப் போலவும், இரண்டைக் குறிக்கும் ௨ ‘உ’வைப் போலவும், ஏழைக் குறிக்கும் ௭ ‘எ’யைப் போலவும், எட்டைக் குறிக்கும் ௮ ‘அ’வைப் போலவும் இருக்கின்றன. ‘கடன்’ என்ற சொல்லின் முதல் எழுத்துக்குப் பதில் எண் ஒன்றைப் போட்டால் ‘௧டன்’ ஆகும். உங்கள் சல்லடை அதைக் கடன் என்று அறியாது.

ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட சல்லடையை அப்படியே எடுத்துத் தமிழுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் இடறி விழுகிறார்கள். கழுவும் படியில் நமக்கென்று தனி விதிகள் வேண்டும்: ‘ஒ’வுக்கு அடுத்து ‘ள’ வந்தால் ‘ஔ’ என்றும் கொண்டு பார், சொல்லுக்கு நடுவில் பழைய எண் வந்தால் எழுத்தாக மாற்றிப் பார் என்பன போன்றவை. கணிப்பொறி படிக்கும் மாணவர்கள் ஒரு மாலைப்பொழுதில் எழுதிப் பார்க்கக்கூடிய வேலை இது. ஒரு எச்சரிக்கை: ‘ஒளி’, ‘ஒளவை’ இரண்டையும் கொடுத்துச் சோதியுங்கள். ‘ஒளி’யை ‘ஔி’ என்று கெடுத்துவிடும் விதி வேண்டாம்!

நாமே எழுதும் விதி

சொந்த விதிகளை எழுதுவதற்கென்றே ‘சீவ்’ என்ற சிறு மொழி 2001இல் வரையறுக்கப்பட்டது. பெயரின் பொருளே சல்லடைதான். அஞ்சல் நிலையத்துக் கணிப்பொறியிலேயே ஓடவேண்டியது என்பதால், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சியை வேண்டுமென்றே அதில் வைக்கவில்லை. ஒருவர் எழுதிய தவறான விதியால் எல்லோருடைய கடிதமும் நின்றுவிடக் கூடாதல்லவா? இலவச அஞ்சல் சேவைகளிலும் எளிய விதிகள் அமைக்கலாம். ஆனால் அனுப்புநர் பெயர், பொருள் வரி, தெரியும் சொல் இவற்றை மட்டுமே சோதிக்கவிடும் சல்லடை பூச்சைத்தான் பார்க்கிறது என்பதை மறவாதீர்கள்.

வலக்கோடியிலிருந்து படிக்கும் விதிக்கு இந்தியாவில் இப்போது வலுவான துணை கிடைத்துள்ளது. வங்கிகள் எல்லாம் தம் இணையதளங்களை ‘பேங்க்.இன்’ என்ற ஈற்றுக்கு மாற்றவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் பணித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31 வரை கெடு. அந்த ஈறு வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படும். ஆகவே, ‘கடிதம் இந்திய வங்கி ஒன்றின் பெயரைச் சொல்கிறது, ஆனால் அதிலுள்ள இணைப்பு பேங்க்.இன் என்று முடியவில்லை’ என்றால் 3 மதிப்பெண் என்று விதி எழுதலாம். ‘முடியவில்லை’ என்ற சொல் முக்கியம். ‘உள்ளது’ என்று எழுதினால் ‘பேங்க்.இன்.பரிசுமழை.காம்’ உள்ளே நுழைந்துவிடும்.

குறுஞ்செய்திகளுக்கு நாடளாவிய சல்லடையே வைக்கப்பட்டது. முன்கூட்டிப் பதிவு செய்யாத இணைப்பைத் தாங்கிவரும் குறுஞ்செய்திகளை 2024 அக்டோபர் 1 முதல் தடுக்கவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

நம் சங்ககிரி லாரிக்காரருக்கு வந்த செய்தி இந்தச் சல்லடைகள் எதிலும் படாமல் வந்திருக்கக்கூடும். வாட்ஸ்அப் செய்திகள் புறப்படுமிடத்திலிருந்து சேருமிடம் வரை பூட்டிச் செல்கின்றன. இடையில் எந்தச் சல்லடையும் அவற்றைப் பிரித்துப் படிக்கமுடியாது. அங்கே சொல்லின் அடியில் முகவரியை ஒளிக்கவும் வழியில்லை. முகவரி வெளிப்படையாகவே தெரியும். அதனால் 2024இல் திருடர்கள் இணைப்போடு நிற்கவில்லை. ‘ஏபிகே’ என்று முடியும் செயலிக் கோப்பு ஒன்றை நிறுவச் செய்தார்கள். அதை நிறுவியவரின் கைபேசிக்கு வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் திருடனுக்கும் போய்ச்சேர்ந்தது. அரசின் உண்மையான அபராதத் தளம் ‘கவ்.இன்’ என்று முடியும். வண்டி எண்ணைக் கொடுத்து நிலுவையை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு விரைவில் தொலைபேசி செய்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.